கூலாய்ப் பால்மரமும் பழைய காரின் டயரும்

ஜொகூர் மாநிலத்துக் கூலாய் நகரத்தின் ஊடே செல்லும் பழைய நெடுஞ்சாலையில், இன்று மலேசியாவின் முதலாம் எண் கூட்டரசுச் சாலை என்று கணக்கிடப்படும் அந்தப் பாதையில், டயர் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் 1960-களில் செய்யப்பட்ட ஓர் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரையோ, 1980-களில் வந்த இரட்டை இருக்கை டொயோட்டா ஒன்றையோ அருமையாகப் பேணிவருகிறவர், தம் வண்டிக்கு ஏற்ற புதிய டயர் வேண்டுமென்று அக்கடைகளில் ஏறி இறங்குவாரானால், பெரும்பாலும் மனநிறைவின்றியே திரும்ப நேரும். பதினான்கு அங்குலச் சக்கரத்துக்கு உரியவை அங்கே இல்லாமலில்லை. ஆயினும் அவை சிக்கனமான சிறு கார்களுக்கும் சரக்கு வேன்களுக்கும் உத்தேசித்துச் செய்யப்பட்டவை. அளவு பொருந்தும், குணம் பொருந்தாது. ரப்பருக்காகவே காடழித்துத் திருத்தப்பட்ட ஒரு பிரதேசத்தில், ரப்பரால் ஆன ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பது இத்தனை சிரமமாக இருப்பானேன் என்ற கேள்வி, சிந்திக்கிறவர்களுக்கு எழாமல் இராது. அதற்கு விடை காண வேண்டுமானால், டயரின் சரித்திரத்தைத் தொழிற்சாலையிலிருந்து மட்டுமல்லாமல், மரத்தடியிலிருந்தும் சொல்லியாக வேண்டும்.

தொழிற்சாலையின் பக்கத்துச் சரித்திரம் உலகறிந்தது. கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிலைக்கும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845-இல் உரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப் போக, 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான ஜான் பாய்ட் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக மீண்டும் அதைச் செய்து காட்டினார். 1895-இல் நடந்த பாரிஸ் – போர்தோ பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு மோட்டார் வண்டியை ஓட்டினார்கள். இப்பெயர்களில் பெரும்பாலானவை இன்றும் டயர்களின் பக்கச் சுவரில் வார்க்கப்பட்டிருப்பதால், டயர் என்பது முழுக்க முழுக்க ஐரோப்பிய, அமெரிக்க மூளைகளின் சிருஷ்டி என்று ஜனங்கள் நம்புவது இயல்பே.

மரத்தடிச் சரித்திரமோ அப்படி எங்கும் வார்க்கப்படவில்லை. 1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை ஏறக்குறைய 2,700. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. டன்லப் தம் டயரைச் செய்த அதே 1888-ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை எச்.என். ரிட்லி ஏற்றார் என்பது, இரண்டு பாதிச் சரித்திரங்களும் ஒரே வருஷத்தில் ஒன்றையொன்று அறியாமல் தொடங்கின என்பதற்குச் சான்று. மரத்தை வெட்டிச் சாய்க்காமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி, நாள் விட்டு நாள் பால் எடுத்தும் மரத்தை வாழவைக்கலாம் என்று நிரூபித்தவர் ரிட்லி. காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச்சொல்லி வற்புறுத்தியதால் அவரைப் பித்தரென்று பரிகசித்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வர்த்தக முறையில் முதன்முதலாக ரப்பர் நட்டபின் பரிகாசம் அடங்கிற்று.

கூலாய் அப்போது மிளகும் கம்பீர்ச் செடியும் விளைந்த காட்டுப் பிரதேசம். ஜொகூர் சுல்தான்கள் சீனக் குடியேற்றக்காரர்களுக்கு ஆற்றங்கரைகளைப் பட்டயமாகக் கொடுத்துப் பயிர்செய்வித்த கங்சூ முறை 1917-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே அதன் காலம் முடிந்திருந்தது. 1909-இல் ஜொகூர் இருப்புப் பாதை பூர்த்தியாகி, கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடத் தொடங்கியதும், அதுவரை ஆற்றையும் காலடிப் பாதையையும் நம்பியிருந்த உள்நாட்டு நிலம் துறைமுகத்தோடு இணைந்தது. கூலாய் ரயிலடியிலிருந்து சிங்கப்பூர்த் துறைமுகம் தொலைவில்லை; 1923-இல் ஜலசந்தியின் குறுக்கே பாலம் திறந்து ரயில் நேரே செல்லத் தொடங்கிய பிறகு, சரக்கைப் படகில் ஏற்றிக் கடத்தும் வேலையும் இல்லாமற்போயிற்று. இரும்புப் பாதை, அதற்கு இணையான மோட்டார்ச் சாலை, இரண்டுக்கும் இருமருங்கிலும் வரிசை பிசகாத பால்மரங்கள் என்று மூன்றும் சேர்ந்ததே இருபதாம் நூற்றாண்டின் கூலாய். கம்பீரைப் போல மண்ணின் சாரத்தை உறிஞ்சிவிட்டு இடம் பெயரும் பயிரன்று ரப்பர்; நட்டால் ஏழாண்டு காத்திருந்து, பிறகு கால் நூற்றாண்டு அங்கேயே நின்று பால் எடுக்க வேண்டும். ஆகையால் அதற்கு நிலையான குடிகள் வேண்டியிருந்தன.

அந்தக் குடிகள் நம் தமிழ் ஜனங்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, மதுரை ஜில்லாக்களிலிருந்து ஆள் சேர்க்க வந்த கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சிங்கப்பூரிலும் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றவர்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை அரசாங்கமே ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து அவர்களுடைய கப்பற் கட்டணத்தைச் செலுத்தியது என்பதிலிருந்தே, தமிழ்க் கூலி உழைப்பு ரப்பர்த் தொழிலுக்கு எத்துணை ஆதாரமாக எண்ணப்பட்டது என்பது விளங்கும். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை உதவிப் பணத்தில் அனுப்புவதைத் தடை செய்யும் வரையில் அந்த வரத்து நிற்கவில்லை.

பால் வெட்டு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற காரியம் எவ்வளவு நுட்பமான கைத்தொழில் என்பதை டயரைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. விடியுமுன் பெரட்டுக்குக் கூடி, பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தத்தம் நிரைக்குப் போக வேண்டும். ஏனெனில் குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் தணிந்துவிடும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழுமாறு, ஏறத்தாழ முப்பது டிகிரிச் சரிவில், பட்டையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் ஒரு சீவலை எடுக்க வேண்டும். பால் நரம்புகள் மரத்தைச் சுற்றி எதிர்ப்புறமாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிக நரம்புகள் அறுபடும். கத்தி ஓர் இழை ஆழமாய்ப் போனால் உள்ளிருக்கும் வளர்படை காயம்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, அந்தப் பக்கம் பிறகு வெட்டவே உதவாது; மேலோட்டமாய்ப் போனாலோ பால் வராது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மயிரிழைப் பக்குவத்தை, அரை இருளில், கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு நாளும் தவறாமல் காத்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். பிறகு மங்குகளில் தேங்கிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கணக்குக் கொடுத்து, முதல் நாள் மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் வெட்டு வாயில் காய்ந்த ஒட்டுப்பாலையும் தனியே சேர்க்க வேண்டும். ஸ்டோரில் அமிலம் விட்டு உறையச்செய்து, உருளையில் பிழிந்து, வரிவரியான ஷீட்டுகளாக்கிப் புகையில் உலர்த்தி, தரம் பிரித்து, கட்டுக் கட்டாக ரயிலேற்றினார்கள். தயாரான ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து அழுக்கும் குமிழியும் கண்டுபிடிக்கிற கண், இந்த ஊர்த் தொழிலாளியின் கண். மரப்பட்டையோ மண்ணோ ஒரு துகள் உள்ளே தங்கினால், எங்கோ ஒரு தேசத்தில் ஒரு டயரின் உடல் அந்த இடத்தில்தான் பிளக்கும். ஆதலால், டயரின் உறுதிக்கு முதல் பரிசோதனை நடந்த இடம் லண்டனும் அமெரிக்க டயர் நகரமான ஏக்ரனும் அல்ல, தோட்டத்து ஸ்டோர் என்பதே என் அபிப்பிராயம்.

விலையின் கதையை நீட்ட வேண்டியதில்லை. 1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்றது; 1932-இல் இரண்டு பென்ஸுக்கும் கீழே விழுந்தது. விலை உயர்ந்தபோது பங்குகளை வாங்கிக் குவித்தவர்கள் வேறு தேசத்தில் இருந்தார்கள். விலை விழுந்தபோது ஆட்குறைப்புக்கு ஆளாகிக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே தோட்டத்து லய வீடுகளில் இருந்தார்கள். மலாயா ரப்பரின் பிடியிலிருந்து விடுபட ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டிலேயே ஒரு நகரம் அமைத்துத் தோட்டம் போட்டுப் பார்த்ததும், இலைக்கருகல் நோயால் அது பாழானதும் அந்தக் காலத்துச் செய்திகளே. தாய்நாட்டில் தோட்டப்பயிராய் வளர மறுத்த மரம் இந்த மண்ணில் வளர்ந்தது. அதுவே கூலாய் போன்ற ஊர்களை உலகத்தின் சக்கரங்களோடு பிணைத்தது.

யுத்தத்தின்போது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி தொடங்கிய படையெடுப்பில் ஜப்பானியச் சிப்பாய்களில் பலர் சைக்கிளில் மலாயாவைக் கடந்து தெற்கே வந்தார்கள். ரப்பரை ஏற்றுமதி செய்வதற்காகப் பிரிட்டிஷார் போட்டுவைத்த தார்ச்சாலைகளே பகைவருக்கு ராஜபாட்டையாயின. வெயிலில் கொதித்த அந்தச் சாலைகளில் சைக்கிள் டயர்கள் வெடித்துப் போக, சிப்பாய்கள் வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டிவந்தார்கள் என்றும், இரவில் அந்த உலோக ஓசையைக் கேட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்புப் படைகள் டாங்கிகள் வருவதாக எண்ணி அஞ்சின என்றும், அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான ஜப்பானியக் கர்னல் சுஜி தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆயர் ஹீத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய் என்று இதே நெடுஞ்சாலை வழியே பின்வாங்கிய படைகள் 1942 ஜனவரி 31-ஆம் தேதி ஜலசந்திப் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் போயின. உலகத்து ரப்பரில் பெரும்பங்கு விளைந்த பூமி இவ்வாறு நேச நாடுகளின் கையைவிட்டுப் போகவிருந்த நிலையில், அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு உட்பட்ட பண்டம் டயராகவே இருந்தது. இங்கோ, வாங்குவாரற்று வெட்டு நின்றது, கூலி நின்றது, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு வந்தது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர்களில் எண்ணற்றவர் திரும்பவேயில்லை. டயரின் சரித்திரம் எழுதுகிற எவரும் இந்த மரணங்களை அதன் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமன்று.

யுத்தம் இரண்டு பலன்களைத் தந்தது. ரப்பர் கிடைக்காத அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெருவாரியாகச் செய்யக் கற்றது. யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946-இல், மிஷ்லின் கம்பெனி ரேடியல் டயருக்கு உரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை டயரின் உள்ளுடலில் நூல் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி சாய்வாகப் போடப்பட்டன. இதுவே குறுக்கடுக்கு டயர். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேரே செல்ல, தரையைத் தொடும் பகுதியின் அடியில் எஃகுப் பட்டை சுற்றப்பட்டது. பக்கச் சுவர் மெல்லியதாய் வளைந்து கொடுக்க, தரையில் படியும் பகுதி மட்டும் உறுதியாய்ப் படிந்தது. இவ்வளவு வளைந்தும் சூடேறிப் பிளக்காமல் இருக்க வேண்டிய அந்தப் பக்கச் சுவருக்கும், செய்யும்போதே ஒட்டிப் பிடித்து உருக்குலையாமல் நிற்க வேண்டிய அதன் உடலுக்கும் இயற்கை ரப்பரே ஏற்றது என்று தெரியவந்தது. செயற்கை ரப்பரால் மரத்தின் காலம் முடிந்துவிடும் என்று பலர் கணித்திருந்த வேளையில், ரேடியல் டயர்தான் மரத்தைக் காப்பாற்றியது. இன்றைக்கும் ஒரு காரின் டயரில் எடைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இயற்கை ரப்பர். லாரி டயரில் மூன்றில் ஒரு பங்கு. விமான டயரில் அதற்கும் மேல். நான்கு கார் டயர்களில் அடங்கியிருக்கும் மரப்பாலைக் கூட்டிப் பார்த்தால், அது நன்றாகப் பால் தரும் வயதுடைய இரண்டு மரங்கள் ஓராண்டு முழுதும் தருவதற்கு ஈடாகும்.

பந்தயக் கார்கள் இந்தப் பக்கம் வந்தது அந்த மாற்றத்தின் நடுவில்தான். 1961-இல் சிங்கப்பூரில் அப்பர் தாம்ஸன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் ஆரம்பமாயிற்று. முதல் வருஷம் இயன் பார்ன்வெல் ஓர் ஆஸ்டன் மார்ட்டினிலும், மறு வருஷம் யோங் நாம் கீ ஒரு ஜாகுவார் ஈ-டைப் காரிலும், 1963-இல் ஆல்பர்ட் பூன் ஒரு லோட்டஸ் 23-லும் வென்றார்கள். அந்தப் பந்தயம் 1973-உடன் நின்றது. இதற்கிடையே 1968-இல் ஷா ஆலத்தை ஒட்டிய பத்து தீகாவிலும், பிறகு 1986-இல் ஜொகூரின் பாசிர் கூடாங்கிலும் ஓடுபாதைகள் எழுந்தன. விரைவுச்சாலை வரும் வரையில், சிங்கப்பூரிலிருந்து வடக்கே பத்து தீகாவுக்குச் செல்வதற்குரிய முக்கியப் பாதை கூலாய் வழியாகவே சென்றது. பால்மரங்களின் நடுவே, அந்த மரங்களின் பாலால் ஆன சக்கரங்களின் மேல், அந்தக் கார்கள் பறந்து சென்றன; தோட்டத்துச் சிறுவர்கள் சாலையோரத்தில் நின்று பார்த்திருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை.

மரங்கள் அதற்குப் பின் அதிக காலம் நிற்கவில்லை. 1950-களிலேயே ஆங்கிலேய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்க, அதனால் வீடும் வேலையும் ஒருங்கே இழக்கும் தொழிலாளர்களைக் காக்க 1960-இல் மலாயா அமைச்சரான வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மற்றொரு புறம் எண்ணெய்ப் பனை வந்தது. கூலாய்ச் சுற்றுவட்டாரத்தில் பெருந்தோட்டங்கள் பனைக்கு மாறின; தாயிப் அண்டாக் போன்ற, அரசாங்கத்தின் ஃபெல்டா நிலக்குடியேற்றங்களிலும் பனையே வளர்ந்தது. பின்னர் பனையும் வீட்டு மனைகளுக்கு வழிவிட்டது. கூலாய் பெசார் தோட்டத்து நிலத்தில் இந்தாபுரா நகரியம் எழுந்தது. 2011 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்ட ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் அங்காடிக்கு இன்று ஜலசந்திக்கு அப்பாலிருந்தும் ஜனங்கள் கார்களில் வருகிறார்கள். 1990 வாக்கில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவை ரப்பர் விளைச்சலில் முந்திவிட்டன. இப்போது மலேசிய ஆலைகள் பதப்படுத்தும் ரப்பரில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1972-இல் ஷா ஆலத்தில் தொடங்கிய குட்இயர் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு உரிய டயர் கூலாயில் கைக்கெட்டாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே: மரம் இங்கிருந்து போயிற்று, டயர் வார்க்கும் அச்சு எப்போதும் வேறிடத்தில் இருந்தது.

இந்தச் சரித்திரத்தை அறிந்தவர், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைத் தெளிவாகக் காண்பார். முதலாவது, அந்தக் கார் எந்த யுகத்து டயருக்காகச் செய்யப்பட்டது என்பது. 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பி.யும், 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப்பும் குறுக்கடுக்கு டயரோடுதான் பிறந்தன. சில ஆண்டுகளிலேயே ரேடியலுக்கு மாறின. ஆகவே அவற்றுக்கு அந்தக் காலத்து அளவுள்ள ரேடியல் போடுவதில் பிழையில்லை. சாலைக்கு அதுவே நல்லது. ஆனால் முன்னே ரேடியலும் பின்னே குறுக்கடுக்கும் கலந்து போடுவது பெரிய அபாயம். வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளப் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டுமென்பதில் விட்டுக்கொடுக்கலாகாது. கம்பிச் சக்கரமானால் உள்ளே டியூபும் வேண்டும்.

அளவைப் பற்றித்தான் கடைகளில் அதிகத் தவறு நேர்கிறது. எம்.ஜி.பி.க்குப் பிற்காலத்தில் பொருத்தப்பட்ட 165 ஆர் 14 என்ற டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 626 மில்லிமீட்டர். அது கிடைக்கவில்லையென்று 185/70 ஆர் 14 போட்டால் உயரம் 615 ஆகும்; நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறைவு, பாதகமில்லை. 195/60 ஆர் 14 போட்டாலோ 590. நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்து, வேகமானி பொய் சொல்லும், எஞ்சின் வீணாகச் சுழலும், வண்டியின் அடிவயிறு தரையை நெருங்கும். அகலமான டயர் கண்ணுக்கு வீரமாகத் தெரியும் என்பதற்காக அதை விரும்புகிறவர்கள் பலர். மெல்லிய சக்கரத்துக்கும் பழைய சஸ்பென்ஷனுக்கும் கணக்கிட்டு அமைத்த பிடிமானத்தைக் காட்டிலும் அதிகப் பிடியைத் திணித்தால் ஸ்டியரிங் கனக்கும். வண்டி தன் எல்லை வருமுன் மெல்ல எச்சரிக்கும் குணத்தை இழந்து, திடீரென்று நழுவும். 165 என்ற அளவில் சரக்கு வேனுக்குரிய டயர் எளிதாகக் கிடைக்கும். பாரம் தாங்கக் கட்டிய அதன் விறைப்பான சுவர் இலேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆகாது. 1980-களின் ஜப்பானியக் கார்களில், டொயோட்டாவின் எம்.ஆர்.2-வுக்கும் மஸ்டாவின் எம்.எக்ஸ்.5-க்கும் உரிய 185/60 ஆர் 14 அளவு உள்ளூரிலேயே உண்டு. அங்கே பார்க்க வேண்டியது அளவையல்ல, எதற்காகச் செய்த டயர் என்பதையே. வேகக் குறி எழுத்து எச் என்றிருந்தால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலும், வி என்றிருந்தால் 240 வரையிலும் தாங்கும். கார் வெளிவந்தபோது இருந்த குறிக்குக் குறைந்ததை வாங்கலாகாது. மிஷ்லினும் பிரெல்லியும் தங்கள் பழைய அச்சுக் கோலங்களையே இக்காலத்து ரப்பர்க் கலவையில் மறுபடி செய்து விற்கின்றன. விலை மிகுதி, தருவிக்கக் காலமும் ஆகும். என்றாலும் 1960-களின் வண்டியை மெய்யாக நேசிக்கிறவருக்கு அவற்றினும் சிறந்த வழியை நான் அறியேன்.

தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டிப் புதுப்பிக்கும் செலுப் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது இழிவான தொழிலன்று. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மென் மாப்பிள்ளை, 1952-இல் இந்த மேல்தோல் ரப்பர் தயாரிப்பில் இறங்கித்தான் பிற்பாடு எம்.ஆர்.எப். என்ற பெரிய டயர் ஸ்தாபனத்தைக் கட்டினார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது ஏற்றது. வேகத்துக்காகச் செய்த காருக்கு மட்டும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் வயது. இதில்தான் நல்லவர்களும் ஏமாறுகிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் தினமும் ஓடுவதில்லை. போர்வை போர்த்திக் கொட்டகையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். ஆகையால் டயரின் வரிப்பள்ளம் தேயாமல் புதிதுபோலவே தோன்றும். உள்ளேயிருக்கும் ரப்பரோ, காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓஸோனும் ஜொகூரின் ஓயாத உஷ்ணமும் சேர்ந்து தாக்க, வருஷந்தோறும் இறுகிக்கொண்டே போகும். இறுகிய ரப்பர் உலர்ந்த சாலையில் ஒருவாறு சமாளிக்கும். மாலை மழை பிடித்துக்கொண்ட கூலாய்ச் சாலையில் பிரேக் போட்டால் வழுக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்படும் டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டுச் சரக்கு. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. எத்தனை அழகாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரைக் கழற்றிவிட வேண்டுமென்று பெரும்பாலான தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நம் உஷ்ணத்துக்கு ஆறேழு ஆண்டில் மாற்றிவிடுவதே புத்தி என்பது என் துணிபு. கிடைப்பதற்கு அரிய அளவு என்ற காரணத்தால் யாரோ கிடங்கில் வைத்திருந்த பழைய சரக்கைப் புதிதென்று நம்பி வாங்காதீர்கள்.

கூலாயிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இத்தகைய வண்டிகளை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டயர் வாங்கச் செல்லுமுன், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவையும் வேகக் குறியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் டயரைச் சக்கரத்தில் ஏற்றுமுன் அந்த நான்கு இலக்கங்களை நீங்களே குனிந்து படியுங்கள். சரியான அளவு வரும் வரையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ காரை நிறுத்திவைக்க நேர்ந்தாலும் நிறுத்திவையுங்கள். உங்கள் குடும்பத்தில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இன்னும் இருப்பாரானால், அவர் எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில், எத்தனை மரம் வெட்டினார் என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். டயர்க் கம்பெனிகளின் சரித்திரங்கள் பல நூல்களாக அச்சாகிவிட்டன. கூலாய்த் தோட்டங்களின் சரித்திரம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.